வெள்ளைக் குதிரையும் வாத்துப் பாதமும்

பேறுகாலம் பார்க்கத்தான் வியன்னாவுக்குப் போனேன். ஊர் பார்க்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. பெட்டியில் பாதியைச் சுக்கு, பூண்டு, கருப்பட்டி, பெருங்காயம் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேட்டிகளும், தொட்டில் கட்ட ஒரு நூல் சேலையும். அப்போது என் மனதில் இருந்த வியன்னா ஒரு பிரசவ அறையும் ஒரு சமையலறையும்தான்.

பேத்தி பிறந்த நான்காம் நாள், குழந்தையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நர்ஸ் வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணுமில்லம்மா, இடுப்பு ஸ்கேன். இங்க பொறக்கற எல்லாக் குழந்தைக்கும் எடுப்பாங்க" என்றாள் மகள்.

தொட்டி மாதிரி பள்ளமான ஒரு மெத்தையில் பேத்தியை ஒருக்களித்துக் கிடத்தினார்கள். திரையில் கறுப்பும் சாம்பலுமாகப் பிஞ்சு இடுப்பு மூட்டு தெரிந்தது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இன்னும் எலும்பாகவில்லை, வெறும் குருத்து. அது உட்கார வேண்டிய கிண்ணத்தின் மேல் டாக்டர் மூன்று கோடுகள் இழுத்தார், கோணம் பார்த்தார். "58" என்றார். 60 இருந்தால் பேச்சே இல்லை. 50-லிருந்து 59 வரை என்றால் கிண்ணம் இன்னும் முற்றவில்லை என்று பொருள், பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆறாம் வாரம் மறுபடி பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் நிம்மதியாகத்தான் வந்தார்கள். எனக்குத்தான் அந்த இரண்டு டிகிரி தொண்டையில் நின்றது. கோவையில் முப்பத்து நான்கு வருடம் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்து ஓய்வு பெற்றவள் நான். மூட்டு நழுவியது தெரியாமலே வளர்ந்து, மூன்று வயதில் தாங்கித் தாங்கி நடந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்றிரவு டயபர் மாற்றும் சாக்கில் பேத்தியின் கால்களைத் தவளைபோல் மடக்கி மெல்ல விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளகிக் கொடுத்தன. மூட்டு நழுவியிருந்தால், நாளடைவில் உள்தொடைத் தசை விறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் விரியாது. இருந்தாலும் மறுநாள் இரவும் பார்த்தேன். "அம்மா, அவளத் தூங்க விடு" என்று இருட்டில் குரல் வந்தது.

இந்த ஸ்கேன் முறையை 1980-இல் கொண்டுவந்தவரும் அந்த நாட்டுக்காரர்தான். ரைன்ஹார்ட் கிராஃப் என்ற எலும்பு மருத்துவர், ஷ்டிரியா மலைப் பகுதியில் ஷ்டோல்ட்ஸால்ப்பே என்ற ஊரில் இருந்தவர். 1992 முதல் ஆஸ்திரியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரம் ஒரு தடவை, ஆறிலிருந்து எட்டாம் வாரத்துக்குள் ஒரு தடவை என்று இதைத் திட்டமாகவே வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இதற்கு வேறொரு வைத்தியம் தெரியாமலே நடந்துவந்திருக்கிறது. கழுத்து நின்ற குழந்தையைக் காலை அகட்டி இடுப்பில் வைத்துக்கொள்வோம் அல்லவா, அதுதான். தொடை விரிந்து மடங்கியிருந்தால் உருண்டை கிண்ணத்துக்குள் நன்றாக அழுந்தி உட்காரும். கால்களை நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றி வைக்கும் ஊர்களில் இந்தக் கோளாறு அதிகம்.

பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு ஒரு மாதம் விடுப்பு உண்டு அங்கே. மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். நான் டயபர் பக்கம் போகப் போக மகளுக்கு எரிச்சல் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "அத்தை, காலைல சமையல் முடிஞ்சதும் நீங்க போய் ஊரப் பாத்துட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். மரியாதையாக வெளியே தள்ளினார் என்றுதான் சொல்ல வேண்டும். டிராம் பாஸ் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து, ஒரு தாளில் இடங்களை எழுதியும் வைத்தார். அரண்மனைகளை விட்டுவிட்டு, பட்டியலில் கடைசியாக இருந்த யோசெஃபீனத்துக்குப் போனேன். மெழுகில் செய்த உடற்கூறு அருங்காட்சியகம் என்று போட்டிருந்தது.

வேரிங்கர் ஷ்ட்ராசே என்ற தெருவில், இரும்புக் கம்பி வேலிக்குள், அமைதியான ஒரு வெளிர் நிறக் கட்டடம். இரண்டாம் யோசஃப் பேரரசர் ராணுவ மருத்துவர்களைப் பயிற்றுவிக்க 1785-இல் திறந்தது. அந்தக் காலத்தில் படைக்கு வந்த சவரக்காரரே அறுவை மருத்துவரும். அவர்களுக்கு உடம்பின் உள்ளைக் காட்ட வேண்டும். பிணம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வெயிலில் நாறிவிடும். ஃப்ளோரன்ஸ் நகரில் ஃபெலிச்சே ஃபொன்டானா என்பவரின் பட்டறையில் மெழுகில் உடம்பு வார்ப்பதைக் கண்டு மயங்கிப்போய், பேரரசர் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். 1,192 உருப்படிகள். அத்தனையையும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெனிஸ் கண்ணாடி போட்ட ரோஸ்வுட் பேழைகளுக்குள், இருநூற்று முப்பது வருடம் கழித்தும், நேற்று அறுத்து வைத்ததுபோல் ஈரமாக மின்னுகின்றன.

முத்துமாலை அணிந்து, அவிழ்ந்த கூந்தலோடு, வயிறு திறந்த நிலையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணுருவத்தின் முன்னால்தான் கூட்டம் எல்லாம். அது எதற்கு மாலை என்று எனக்குப் புரியவில்லை. நான் தோல் உரித்து நிற்கும் ஆணுருவம் ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தொடையைப் பார்த்தேன்.

படிக்கும் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஃபார்மலினில் ஊறிக் காய்ந்த பலாச்சுளை நிறத் தசைகள். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று நூல் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக, நார் நாராக. உள்தொடைத் தசைகள், அடிவயிற்றின் கீழ் முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து விசிறி மாதிரி விரிந்து, தொடை எலும்பின் பின்பக்கம் ஓடும் சொரசொரப்பான வரம்பில் போய் ஒட்டுகின்றன. மேலே சின்னச் சதுரமாகப் பெக்டீனியஸ். அதற்கடுத்து முக்கோணமாக அடக்டர் லாங்கஸ், நெடியவன். சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையிடுக்கில் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு நாண் தட்டுப்படுமே, அது இவனுடையது. பந்தாட்டக்காரர்கள் இடுக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்காருவது பெரும்பாலும் இவனால். குதிரைப் படைக்காரர்களுக்கு இந்த நாண் ஓயாமல் அடிபட்டு அடிபட்டு, அதற்குள்ளேயே எலும்பு முளைத்துவிடும். சவாரிக்காரன் எலும்பு என்றே அதற்குப் பெயர். இவனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ப்ரெவிஸ், குட்டையன். எல்லாவற்றுக்கும் பின்னால் சுவர்போல மேக்னஸ், பெரியவன். பெரியவனின் அடிப்பகுதியில் ஒரு இடைவெளி உண்டு, தொடையின் முன்னால் இறங்கிவந்த பெரிய ரத்தக்குழாய் அந்த வாசல் வழியாகத்தான் முழங்காலின் பின்பக்கம் போகிறது.

கடைசியாக, உட்புற விளிம்பில், நாடா போல நீண்டு இறங்கும் கிராசிலிஸ். ஒல்லி என்று அர்த்தம். இந்தக் கூட்டத்தில் முழங்காலையும் தாண்டிப் போகிறவன் இவன் ஒருவன்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உட்புறம், வேறு இரண்டு தசை நாண்களோடு சேர்ந்து ஒட்டுகிறான். மூன்று நாண்களும் விரிந்து ஒட்டும் அந்த இடம் பார்க்க வாத்தின் சவ்வுக்கால் மாதிரி இருக்கும். வாத்துப் பாதம் என்றே லத்தீனில் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று தசைக்கும் நரம்பு மூன்று வேறு வேறு. தொடையின் முன்னாலிருந்து ஒருவன், உள்ளேயிருந்து ஒருவன், பின்னாலிருந்து ஒருவன், மூன்று தெருக்காரர்கள் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி.

இந்த ஒல்லியை எடுத்துவிட்டால் நடையில் பெரிதாக ஒன்றும் குறையாது. அதனால் அறுவை மருத்துவர்களுக்கு இவன் செல்லப்பிள்ளை. பைக் விபத்தில் தோள் நரம்புகள் அறுந்து கை தொங்கிப்போன பையன்களுக்கு, தொடையிலிருந்து இவனைக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் வைத்துத் தைப்பார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் அந்தத் தொடைத் தசை சுருங்கி முழங்கை மடங்கும். அப்படி ஒரு பையனின் கை முதன்முதலாக இரண்டு அங்குலம் எழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் தன் கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். நான்தான் ஏதோ நூல் கட்டி இழுக்கிறேன் என்று நினைத்திருப்பான்போல.

பழைய காலத்து உடற்கூறியலார் இந்த உள்தொடைத் தசைகளுக்குக் கன்னிமையின் காவலர்கள் என்று லத்தீனில் ஒரு பட்டம் வைத்திருந்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் புத்தகத்தைப் பார்ப்பார்கள். நிற்கும்போது இடுப்பை நிலையாக வைத்திருக்க உதவுவது, நடையில் காலை நேர்க்கோட்டில் கொண்டுவருவது என்று நாள் முழுக்க உழைக்கும் தசைக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவர்கள் ஆண்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தத் தசைகளை இயக்கும் நரம்பைத்தான் அந்த மெழுகு மனிதனிடம் தேடினேன், வெளியே தெரியவில்லை. தெரியவும் கூடாது. ஆப்ட்யூரேட்டர் நரம்பு அப்படி எளிதில் முகம் காட்டுகிற ஆள் இல்லை.

கீழ்முதுகில் இரண்டு, மூன்று, நான்காம் இடுப்பு நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, ஒரு பெரிய தசைக்குள்ளேயே ஒன்றுசேர்கிறது. அங்கிருந்து இடுப்புக் கூட்டின் பக்கச் சுவரை ஒட்டி, சிறுநீர்ப்பைக்கு அருகில் இறங்குகிறது. எலும்புக்கூட்டின் இடுப்பைப் பார்த்தால் கீழே மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இரண்டு பெரிய ஓட்டைகள் தெரியும். உயிருள்ள உடம்பில் அந்த ஓட்டையைச் சவ்வு ஒன்று முழுக்க மூடியிருக்கும். ஆப்ட்யூரேட்டர் என்றால் அடைப்பது என்று பொருள். மேல் மூலையில் மட்டும் ஒரு சின்னச் சந்து விட்டிருக்கிறது. நரம்பும் அதன் கூடவே ஒரு தமனியும் சிரையும் அந்தச் சந்து வழியாகத் தொடைக்குள் நுழைகின்றன. நுழையும்போதே நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை குட்டையனின் முன்னால், ஒரு கிளை பின்னால். முன்கிளை நெடியவனுக்கும் ஒல்லிக்கும் பெரும்பாலும் குட்டையனுக்கும் உயிர் கொடுத்து, உள்தொடைத் தோலில் ஒரு துண்டுக்குத் தொடுவுணர்வும் கொடுக்கிறது. பின்கிளை பெரியவனுக்கு. ஆனால் பெரியவன் இரட்டைக் குடியுரிமைக்காரன், உட்காரும் எலும்பிலிருந்து நேரே இறங்கும் அவனுடைய பின்பாதிக்கு உணவு வருவது சயாட்டிக் நரம்பிலிருந்து. பெக்டீனியசும் அப்படித்தான், தெரு இந்தப் பக்கம் என்றாலும் ரேஷன் கார்டு அந்தப் பக்கம், தொடையின் முன்நரம்பில். பரீட்சைக்குக் கேட்கப்படுவதெல்லாம் இந்த இரண்டு விதிவிலக்குகள்தாம்.

பரீட்சையில் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமான இன்னொன்று உண்டு. இந்த நரம்பு இடுப்பு மூட்டுக்கும் ஓர் இழை கொடுக்கிறது, முழங்கால் மூட்டுக்கும் ஓர் இழை கொடுக்கிறது. ஒரு மூட்டை அசைக்கும் தசையின் நரம்பே அந்த மூட்டுக்கும் உணர்வு தரும் என்பது ஜான் ஹில்ட்டன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1860-களில் சொல்லிவைத்த விதி. அதனால் மூளைக்குச் சில நேரம் வலி எங்கிருந்து வருகிறது என்று குழம்பிவிடும். முழங்கால் வலி என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எங்களிடம் அனுப்பினார்கள். முழங்காலில் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று முடிவும் கட்டியிருந்தார்கள். கோளாறு இடுப்பில் இருந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை, நரம்புதான் முகவரியை மாற்றிக் கொடுத்திருந்தது. இன்னொரு வேடிக்கை, சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரில் கட்டியை மின்கம்பியால் சுரண்டி எடுக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் இந்த நரம்பில் மின்சாரம் பட்டால், மேசையில் மயங்கிக் கிடப்பவர் காலை வெடுக்கென்று உள்ளே இழுப்பார். கம்பி உள்ளே இருக்கும்போது அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மயக்க மருத்துவர்கள் அதற்காகவே முன்கூட்டி இந்த நரம்பை மரக்கவைப்பதுண்டு.

யோசெஃபீனத்திலிருந்து வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தக்காளிச் சோற்றைத் தின்றேன். அப்போதுதான் உறைத்தது, எங்கள் தொழிலில் இந்த நரம்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயரும் இந்த ஊருடையதுதான் என்று. அடால்ஃப் லோரென்ஸ்.

வியன்னாவில் அறுவை மருத்துவராகத் தேர்ந்துவரும்போது அவருக்குக் கார்பாலிக் அமிலம் ஒத்துக்கொள்ளவில்லை. கிருமி கொல்ல அன்றைக்குப் பெரிதும் பயன்பட்டது அதுதான், தொட்டால் கை புண்ணானது. அதைத் தொட முடியாதவன் அறுவை மருத்துவனாக எப்படி இருப்பது? வெறுங்கையால் வைத்தியம் செய்யத் தொடங்கினார். இடுப்பு மூட்டு பிறவியிலேயே நழுவிய குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, விறைத்து நிற்கும் உள்தொடைத் தசைகளைக் கையால் பிசைந்து பிசைந்து, அவை நைந்து விட்டுக்கொடுக்கும் வரை பிசைந்து, உருண்டையைக் கிண்ணத்துக்குள் தள்ளி, காலைத் தவளைபோல் விரித்து மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டார். ரத்தம் சிந்தாத மருத்துவர் என்று பெயர். 1902-இல் சிகாகோவின் இறைச்சிக் கோடீஸ்வரர் ஆர்மர் தம் மகளுக்காக அவரைக் கடல் கடந்து வரவழைத்தார். போன இடமெல்லாம் நொண்டும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏழைத் தாய்மார்கள் கூடினார்கள். பிற்காலத்தில் அந்தத் தவளைக் கட்டு மிதமிஞ்சிய விரிப்பு என்று தெரியவந்தது, சில குழந்தைகளுக்கு எலும்புத் தலைக்குப் போகும் ரத்தமே தடைப்பட்டது. இன்றைக்கு இவ்வளவு முரட்டுத்தனம் இல்லை. ஆனாலும் தொடை விரிந்து மடங்க வேண்டும் என்ற அடிப்படை அதேதான்.

இவர் பணத்தில் கட்டிய வீடு வியன்னாவுக்கு வெளியே, தானூப் நதிக்கரையில், ஆல்ட்டென்பெர்க் என்ற ஊரில் இருக்கிறது. ஒரு நாள் ரயிலேறிப் போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் வளர்ந்த இளைய மகனை உலகத்துக்கே தெரியும். கோன்ராட் லோரென்ஸ், முட்டையிலிருந்து வந்ததும் முதலில் கண்ட ஆளையே தாய் என்று நம்பி வாத்துக் குஞ்சுகள் பின்னால் போகும் என்று காட்டியவர், 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர். அப்பா வாழ்நாள் முழுக்க வாத்துப் பாதத்துக்குப் போகும் தசையைப் பிசைந்தார், மகன் வாத்தையே பிடித்துக்கொண்டார். ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்த அம்மாள் கைப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

கத்தியை அடியோடு விட்டுவிடாத அந்த அப்பா லோரென்ஸ்தான் 1887-இல் ஆப்ட்யூரேட்டர் நரம்பை அறுத்து, இறுகிப் பின்னிக்கொண்ட தொடைகளைத் தளர்த்தினார். எனக்கு அவரைத் தெரிந்தது அதனால்தான்.

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்துபோன குழந்தைகள் என்னிடம் வருவார்கள். நிற்க வைத்தால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தொடைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு விரலை நுழைக்க முடியாது. நடப்பது இருக்கட்டும், கால் கழுவிவிடவே முடியாமல் ஓர் அம்மா என் முன்னால் அழுதிருக்கிறார். அவரால் தன் மகனை ஒருநாள்கூட இடுப்பில் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை. கட்டை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தித்தான் வருவார். அந்தத் தசையில் ஒரு குற்றமும் இல்லை. நரம்பிலும் இல்லை. இறுக்கு என்ற கட்டளை தண்டுவடத்திலிருந்து ஒழுங்காக வருகிறது. போதும், விடு என்று மேலே மூளையிலிருந்து வர வேண்டிய சொல்தான் வந்து சேர்வதில்லை. இப்போது நரம்பை அறுப்பது அரிது. நரம்பின் பக்கத்தில் ஃபீனால் ஊசி போடுகிறார்கள், தசையில் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள், தேவைப்பட்டால் நெடியவனின் நாணை நறுக்கி விடுகிறார்கள். மீதி எங்கள் வேலை. தினமும் இரண்டு வேளை, பாட்டுப் பாடிக்கொண்டே, மயிரிழை மயிரிழையாக விரிக்க வேண்டும்.

மாப்பிள்ளை எழுதிய தாளில் ஸ்பானிஷ் குதிரைப் பள்ளியும் இருந்தது. ஹோஃப்புர்க் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. காலையில் பாட்டு போட்டுக் குதிரைகளைப் பழக்குவதை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். உள்ளே போனதும் கண் கூசியது. 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், வெள்ளைச் சுவர், வெள்ளைத் தூண்கள், மேலே சரவிளக்குகள், கீழே சமன்படுத்திய மண். 1735-இல் கட்டி முடித்த சவாரி மண்டபம். கல்யாண மண்டபத்துக்குள் குதிரை விட்டாற்போல இருக்கிறது. குதிரையேறி வரும் ஒவ்வொருவரும், ஆறாம் சார்லஸ் பேரரசரின் படத்துக்கு இருகொம்புத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார்கள். குதிரைகள் லிப்பிசானர் இனம். கறுப்பாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுப்பவை. வெளுக்காமல் பழுப்பாகவே நின்றுவிட்ட ஒன்றை ராசிக்காக எப்போதும் வைத்திருப்பார்களாம். திருஷ்டிப் பொட்டு என்று நான் புரிந்துகொண்டேன்.

நான் என்ன எதிர்பார்த்துப் போனேன் என்றால், உள்தொடையால் குதிரையைக் கவ்விப் பிடிக்கும் மனிதர்களை. பாடப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கும், குதிரையேறுவோருக்கு இந்தத் தசைகள் முக்கியம் என்று. அங்கே கண்டது வேறு. கால் எங்கும் இறுகவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்ட மாதிரி குதிரையின் இரண்டு பக்கமும் தொங்கிக் கிடந்தது. குதிரையோ நின்ற இடத்திலேயே ஓடுகிறது, குறுக்கே நடக்கிறது, முன்னங்கால் இரண்டையும் மடக்கிப் பின்காலில் உட்கார்ந்து எழுகிறது. மேலே இருப்பவர் ஒன்றும் செய்யாத மாதிரியே இருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் ஒரு காலத்தில் சவாரி செய்தவர், ஆங்கிலமும் வந்தது. பிடிக்கவே மாட்டார்களா என்று கேட்டேன். இரண்டு விரலுக்கு நடுவே சோப்பை அழுத்துவதுபோல் காட்டி, மேலே எகிறுவதையும் காட்டினார். புளியங்கொட்டைதான். அழுத்தினால் எகிறும். தொடையை இறுக்கினால் குதிரையின் முதுகு ஆளை மேலே துப்பிவிடும். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் லகானும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடும் வயதான குதிரையின் மேல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இறுக்குவதை மறக்கும் வரை. முழுத் தேர்ச்சி பெற்ற சவாரிக்காரர் ஆக 8 முதல் 12 வருடம் பிடிக்குமாம். பழைய குதிரை புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும், பழைய ஆள் புதுக் குதிரைக்குச் சொல்லிக்கொடுப்பார். பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எனக்கு நினைவு வந்தவர் வேறு ஒரு பெண். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். 1944-இல் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போலியோ வந்தது. பிள்ளை நலமாகப் பிறந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் திரும்பவில்லை. குதிரையில் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், டிரெஸ்ஸாஜ் என்னும் இந்தச் சவாரிப் போட்டியில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த ஆண்டில், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். குதிகாலால் சொல்ல முடியாததை இடுப்பாலும் தொடையாலும் உடம்பின் கனத்தாலும் குதிரைக்குச் சொன்னார். குதிரையை மருந்தாக்கலாம் என்று ஐரோப்பாவில் பேச்சு வலுத்ததற்கு அவர் பெரிய காரணம். என் கத்தரிக்கால் பிள்ளைகளுக்கு அதுதான் கிடைக்கவில்லை. குதிரையின் உடம்பு நம் உடம்பைவிடச் சற்றே சூடு, 38 டிகிரியை ஒட்டி. அகன்ற, வெதுவெதுப்பான முதுகு நடக்க நடக்க, மேலே இருக்கும் பிள்ளையின் இடுப்பு மனிதன் நடக்கும்போது அசைவதைப் போலவே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும். தொடைகள் தாமாகவே விரியும். நான் பாட்டுப் பாடிச் செய்ததை அது பாடாமல் செய்யும்.

மகளின் தோழி ஒருத்தி மூலம் ஊருக்கு வெளியே அப்படிக் குழந்தைகளுக்குக் குதிரை வைத்தியம் செய்யும் ஒரு பண்ணைக்குப் போனேன். ஹாஃப்லிங்கர் என்ற மலைச்சாதிக் குதிரைகள், செம்பட்டை உடம்பு, பொன்னிறப் பிடரி. பார்த்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். அங்கே வைத்தியம் பார்க்கும் பெண் விடவில்லை. அறுபத்து ஒரு வயதில், மாப்பிள்ளையின் டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, மரப்படி வைத்து ஏறினேன். சேணம் இல்லை, கம்பளி விரிப்பு மட்டும். காலை அகட்டி உட்கார்ந்ததும் அவள் வியந்தாள், இந்த வயதில் இவ்வளவு விரிகிறதே என்று. தரையில் சம்மணம் போட்டு, குந்திப் பாத்திரம் கழுவி வளர்ந்த இடுப்பு என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

குதிரை நடந்தது. அவ்வளவுதான், பெருமை போய்விட்டது. விரிவது வேறு, விடுவது வேறு. என் தொடை இரண்டும் எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், குதிரையை இறுக்கின. விடு என்று நான் உள்ளே சொல்கிறேன், விடுகிறேன் என்று நினைக்கிறேன், அடுத்த அடியில் மறுபடி இறுகிக் கிடக்கிறது. எத்தனை ஆயிரம் தடவை நான் இதே சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். லூஸா விடு கண்ணு, லூஸா விடு. அந்தப் பெண் கடிவாளத்தைப் பிடித்தபடி ஜெர்மனில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இருபது நிமிடத்தின் கடைசி இரண்டு நிமிடம், களைத்துப்போனதால் என்று நினைக்கிறேன், கால்கள் தொங்கின. குதிரையின் முதுகு உள்ளே வந்து என்னை ஏந்திக்கொண்டது.

மறுநாள் காலை நெடியவன், குட்டையன், பெரியவன், ஒல்லி எல்லோரும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் மற்றவர் உடம்பில் காட்டிய இடங்கள். சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். அன்றைக்குத்தான் ஆறாம் வார ஸ்கேன்.

அதே தொட்டி மெத்தை, அதே மூன்று கோடுகள். டாக்டர் அளந்தார், இன்னொரு தடவை அளந்தார். "64" என்றார். மறுபக்கம் 65. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது குழந்தையை என்னிடம் கட்டிவிடச் சொன்னேன். அங்கே பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ள நீளத் துணி விற்கிறார்கள். ஐந்து மீட்டர் இருக்கும், நெசவு கனம், விலையைக் கேட்டால் பட்டுப்புடவை எடுத்துவிடலாம். என் நூல் சேலையை ஒதுக்கிவிட்டு இதை வாங்கியிருக்கிறாளே என்று முதல் வாரம் முணுமுணுத்தவள்தான் நான். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி மகள் முடிச்சுப் போட்டாள். பேத்தி தொடைகளை விரித்து, முழங்கால் இரண்டையும் தன் இடுப்புக்கு மேலே மடக்கி, என் விலாவின் இரண்டு பக்கமும் சவாரி உட்கார்ந்தாள். டிராம் குலுங்கி நகர்ந்ததும் அந்தப் பூனைக்குட்டித் தொடைகள் இரண்டும் என் விலாவை ஒரு தரம் கவ்விப் பார்த்தன. பிறகு தூக்கம் வந்து, ஒன்று முதலிலும் ஒன்று பின்னாலுமாக, விட்டுவிட்டன.

"அம்மா, உக்காரு. எடம் இருக்கு" என்றாள் மகள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது சாமி" என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.